ப்ரோக்கன் ஹில்லில் மூன்று இரவு: கேரவனை எங்கே நிறுத்தலாம்?

போன வாரம் சிட்னியிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். புதிதாகக் கேரவன், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி, வாங்கியிருக்கிறார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும். முதல் பெரிய பயணமே ப்ரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊர் வழியாக அடிலெய்டு. "மூணு ராத்திரி தங்குறோம் அண்ணா. இவ ஊருக்குள்ள கேரவன் பார்க்லதான் இருக்கணும்கிறா. எனக்கு வெளியே எங்கேயாவது நட்சத்திரம் தெரியற இடத்துல நிறுத்தணும். நீங்களே சொல்லுங்க." இரண்டு பேரும் ஸ்பீக்கரில் இருந்தார்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லி யாரும் நல்ல பேர் வாங்கியதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். முன்பும் மூன்று நான்கு பேர் இதையே கேட்டிருப்பதால், எழுதியே வைத்துவிடுகிறேன்.

நானும் என் மனைவியும் அந்த ஊரில் நான்கு முறை தங்கியிருக்கிறோம். நான்கு முறையும் வேறு வேறு இடம்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. 1883-ல் மவுண்ட் கிப்ஸ் ஆட்டுப் பண்ணையில் வேலிக்காவல் பார்த்த சார்லஸ் ராஸ்ப் என்பவர், ஒரு கரடுமுரடான குன்றில் தகரத் தாது இருப்பதாக நினைத்துக் கல்லை உடைத்தார். கிடைத்தது ஈயமும் வெள்ளியும் துத்தநாகமும். 1885-ல் அங்கே ஆரம்பித்த கம்பெனிதான் இன்றைய பெரிய சுரங்க நிறுவனம் பிஹெச்பி. அந்தக் குன்று இப்போது இல்லை, தோண்டித் தீர்த்துவிட்டார்கள். அதன் இடத்தில் ஊருக்கு நட்டநடுவே கழிவுக்கல் மேடு ஒன்று மலை மாதிரி நிற்கிறது. தெருக்களுக்கு ஆர்ஜென்ட், ஆக்ஸைடு, குளோரைடு, சல்பைடு என்று பெயர். பள்ளிக்கூடத்து வேதியியல் புத்தகத்துக்குள் வண்டி ஓட்டுவது போல இருக்கும்.

ஆனால் தண்ணீர் கிடையாது. ஊர் பிறந்த நாளிலிருந்து தண்ணீர் எங்கிருந்தோ வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் ரயிலில், அப்புறம் பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து, பிறகு மெனிண்டீ ஏரிகளிலிருந்து. 2019-லிருந்து வென்ட்வொர்த் பக்கம் மர்ரே ஆற்றில் எடுத்து 270 கி.மீ. குழாயில் கொண்டுவருகிறார்கள். அதனால் இங்கே கேரவனுக்கு வாடகை என்று நீங்கள் கொடுப்பது உண்மையில் தண்ணீருக்கும் கரன்டுக்கும் கொடுப்பது. வெறும் நிலம் அடிவானம் வரைக்கும் கொட்டிக் கிடக்கிறது, அதற்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள். முடிவெடுக்க இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எதை வைத்து முடிவு செய்வது

முதலில் மாதம். நவம்பரிலிருந்து மார்ச் வரை 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். அப்போது ஏசி ஓடியாக வேண்டும், கரன்ட் இல்லாத இடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் உண்மையான தேர்வு என்று ஒன்று இருக்கிறது. ஜூலை இரவில் குளிர் ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் வரும். கேரவனில் டீசல் ஹீட்டர் இருக்கிறதா, கம்பளிதானா என்பதைப் பொறுத்தது மீதி.

இரண்டாவது, சமையல். ஆஸ்திரேலியக்காரர்கள் பார்பிக்யூ போட்டு ரொட்டியோடு முடித்துக்கொள்வார்கள். நமக்கு அப்படி முடியாது. 2000 வாட் இன்டக்ஷன் அடுப்பு அரை மணி ஓடினால் ஒரு யூனிட். 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி மொத்தமே ஒன்றேகால் யூனிட் சொச்சம். அதாவது ஒரு சாம்பாரில் பேட்டரி முக்கால்வாசி காலி. மிக்ஸி போட்டால் அது வேறு கணக்கு, இன்வெர்ட்டர் தாங்க வேண்டும். கேஸ் அடுப்பில் சமைப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதி இல்லை. அதனால் கேரவன் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிற உரிமை சமைப்பவருக்குத்தான் என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் இந்தக் கட்சி எப்போதும் ஜெயிக்கும்.

மூன்றாவது, கழற்றி மாட்டுவது. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வந்ததும் ஜாக்கி வீலை இறக்கி, சங்கிலி கழற்றி, மட்டம் பார்த்து, ஆனிங் என்கிற துணிப்பந்தலை விரித்து, குழாய் மாட்டி முடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம். கிளம்பும்போது அதே அளவு. இடத்தை ஒரு தடவை மாற்றினால் ஒன்றரை மணி நேரமும் கொஞ்சம் மன ஒற்றுமையும் போகும்.

நான்காவது, சாயங்காலம் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. அந்தி நேரத்தில் கங்காரு, ஈமு, காட்டு ஆடு எல்லாம் ரோட்டுக்கு வரும். இருட்டிய பின் வண்டி ஓட்டாமல் இருப்பதே நல்லது. எங்கே கேரவன் நிற்கிறதோ அங்கேதான் உங்கள் ராத்திரி. ஊருக்குள் நிறுத்தினால் ஊர் ராத்திரி, வெளியே நிறுத்தினால் வான ராத்திரி. குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

நாய் இருந்தால் அது தனி. கீழே அட்டவணையில் சேர்த்திருக்கிறேன். அதில் பென்ரோஸ் பார்க் என்பது சில்வர்டன் என்ற பக்கத்துச் சின்ன ஊரில் இருக்கும் முகாம், ஸ்டார்வியூ என்பது ஊருக்கு வெளியே சிற்பக் குன்றுப் பக்கம் இருக்கும் முகாம்.

| | கேரவன் பார்க் | பந்தயத் திடல் | சில்வர்டன் பென்ரோஸ் பார்க் | ஸ்டார்வியூ |
|---|---|---|---|---|
| ஊரிலிருந்து | ஊருக்குள்ளேயே | ஊர் ஓரம் | 25 கி.மீ. | சுமார் 10 கி.மீ. |
| கரன்ட் | உண்டு | சில இடங்களில் | சில இடங்களில் | இல்லை |
| தண்ணீர் | குழாய் மாட்டலாம் | கேட்டு நிரப்ப வேண்டும் | டேங்க் நிறையக் கொண்டு போங்கள் | டேங்க் நிறையக் கொண்டு போங்கள் |
| நாய் | பார்க்கைப் பொறுத்தது | சரி | கேட்டுக்கொள்ளுங்கள் | கூடாது |
| வானம் | சுமார் | பரவாயில்லை | அபாரம் | அபாரம் |
| வாடகை | அதிகம் | நடுத்தரம் | குறைவு | குறைவு |
| யாருக்கு | முதல் முறை வருவோர், கோடை, துணி துவைக்க | நாயோடு வருவோர், நீள வண்டி | இரண்டு இரவு சும்மா இருக்க | ஒரே ஒரு இரவு |

ஊருக்குள் கேரவன் பார்க்

வசதி என்று பார்த்தால் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. 15 ஆம்ப் பிளக், குழாய், வெந்நீர் குளியல், வாஷிங் மெஷின். சிட்னியிலிருந்து 1,150 கி.மீ. சிவப்புத் தூசியோடு வருபவர்களுக்கு வாஷிங் மெஷின்தான் முதல் தரிசனம்.

இங்கே இருப்பதன் பெரிய லாபம், வண்டியைக் கழற்றிவிட்டுக் காரில் சுற்றலாம் என்பது. லைன் ஆஃப் லோடு என்கிற அந்தக் கழிவுக்கல் மேட்டின் மேல் சுரங்கத் தொழிலாளர் நினைவிடம் இருக்கிறது. வேலையில் இறந்த 800-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும், எப்படி இறந்தார்கள் என்பதும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். என் மனைவி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தாள். பாறை விழுந்து, பாறை விழுந்து, வெடி, ஷாஃப்ட்டில் விழுந்து, மறுபடி பாறை. பாதியில் நிறுத்திவிட்டு, "போதுங்க, காருக்குப் போலாம்" என்றாள்.

வடக்கு ப்ரோக்கன் ஹில்லில் ஒட்டகக்காரர்கள் கட்டிய தகரப் பள்ளிவாசலைப் பார்க்காமல் வராதீர்கள். ரயில் எட்டாத இடங்களுக்கெல்லாம் சரக்கு ஏற்றிப் போனவர்கள் அவர்கள். 'ஆப்கன்கள்' என்று இங்கே மொத்தமாகப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து என்று பல திக்கிலிருந்தும் வந்தவர்கள். அந்தச் சின்னக் கட்டடத்தின் முன் நின்றபோது, நமக்கு முன்னால் நம் பக்கத்து ஆட்கள் இங்கே எப்போதோ வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. தெற்கே பாட்டன் தெருவில் பெல்ஸ் மில்க் பார், விமான நிலையத்தில் பறக்கும் டாக்டர் சேவையின் தளம் என்று இரண்டு நாள் தாராளமாக ஓடும். எல்லாமே பத்து நிமிட ஓட்டம்.

இனி மறைமுகச் செலவு. வாடகை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, ஆகஸ்டில் முண்டி முண்டி பாஷ் இசைவிழா நடக்கும் வாரத்தில் ஊரில் ஒரு சைட் கூடக் கிடைக்காது என்பது. பல மாதம் முன்பே புக் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாரத்தையே தவிர்க்க வேண்டும். இன்னொன்று, ரிவர்ஸ் எடுக்காமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் டிரைவ்-த்ரூ சைட் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். முதல் தடவை நான் அதைக் கேட்கவில்லை. ஒரு பார்க்கில் குறுகலான பின்பக்கச் சைட் கொடுத்துவிட்டார்கள். நான் ரிவர்ஸ் எடுக்க, மனைவி பின்னால் நின்று கை காட்ட, "லெஃப்ட்" என்றால் யாருடைய லெஃப்ட் என்று தெரியாமல் நாற்பது நிமிடம். பக்கத்து கேரவன்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து வந்து, ஸ்டீயரிங்கை அடியில் பிடித்துக் கையை எந்தப் பக்கம் கொண்டுபோகிறோமோ கேரவன் அந்தப் பக்கம் போகும் என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. அந்த வித்தைக்காகவே அந்தப் பார்க்கை மன்னித்துவிட்டேன்.

சுரங்கம் இன்னமும் நடக்கிறது. கீழே வெடி வைக்கும்போது அலமாரியில் டம்ளர்கள் லேசாகச் சத்தம் போடும். பயப்பட வேண்டாம். ஈயத் தூசி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும்: செருப்பை வாசலில் கழற்றுங்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள். பேரக்குழந்தைகள் கூட வந்தால் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். நாம் எப்படியும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே ஏறுகிறோம்.

குதிரைப் பந்தயத் திடல்

ஊர் ஓரத்தில் பந்தயத் திடலில் கேரவன் நிறுத்த விடுகிறார்கள். அகலமான இடம், நீள வண்டிக்காரர்களுக்கு நிம்மதி, நாய்க்கும் சந்தோஷம். அழகு என்று ஒன்றும் இல்லை, சமதரை, தூசி. காற்று அடித்தால் ஆனிங்கைச் சுருட்டிவிடுங்கள். மார்ச் மாதம் செயின்ட் பேட்ரிக் பந்தயம் நடக்கும் நாட்களில் இங்கே தூக்கம் என்பதை மறந்துவிட வேண்டும். ஊரும் வேண்டும், வாடகையும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு இது சரி. எனக்கு இரண்டும் கெட்டானாகத்தான் பட்டது. ஆனால் நாய் வைத்திருக்கும் எங்கள் நண்பர்கள் வேறு எங்கும் போக மாட்டேன் என்கிறார்கள்.

சில்வர்டன், பென்ரோஸ் பார்க்

ப்ரோக்கன் ஹில்லுக்கு முன்னால் இங்கே ஊராக இருந்தது சில்வர்டன்தான். வெள்ளிக்காக வந்து குடியேறிய மக்கள், 25 கி.மீ. தள்ளி இன்னும் பெரிய வெள்ளி கிடைத்ததும் அங்கே போனார்கள். போகும்போது பலர் வீட்டையும் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் மாறுவது இந்த ரோட்டில் நாம் ஆரம்பித்து வைத்த பழக்கம் இல்லை. மிச்சம் இருப்பது ஒரு பழைய ஜெயில், ஒரு தேவாலயம், ஒரு ஹோட்டல், இடைவெளி விட்டு விட்டு நிற்கும் சில கல் கட்டடங்கள். நடுவில் கழுதைகள் யாரையும் மதிக்காமல் உலாவும்.

ப்ரோக்கன் ஹில்காரர்களுக்கு இது நூறு வருடத்துக்கும் மேலான பிக்னிக் ஊர். 1915 புத்தாண்டு அன்று 1,200 பேர் தாது ஏற்றும் திறந்த பெட்டிகளில் உட்கார்ந்து சில்வர்டனுக்கு ஆண்டுப் பிக்னிக் கிளம்பினார்கள். அந்த ரயிலைத்தான் வழியில் இரண்டு பேர் துருக்கியக் கொடியோடு சுட்டார்கள். ஒருவர் முன்னாள் ஒட்டகக்காரர், இன்னொருவர் ஐஸ்கிரீம் வண்டிக்காரர். முதல் உலகப் போர் இங்கே வரை வந்து எட்டிப் பார்த்த நாள் அது.

பென்ரோஸ் பார்க் அந்தப் பிக்னிக் வாசனையோடு இன்னமும் இருக்கிறது. பெரிய மரங்கள், கழிப்பறை, குளியல் எல்லாம் உண்டு. நாங்கள் போன அன்று அதிகாலையில் கிளிக்கூட்டம் எழுப்பிவிட்டது. சாயங்காலம் ஐந்து கி.மீ. போல மேலே போனால் முண்டி முண்டி காட்சிமேடை. கண்ணுக்கு எட்டிய வரை தட்டை நிலம். பூமி உருண்டை என்பது அங்கே நின்றால் கண்ணாலேயே தெரிகிற மாதிரி இருக்கும். சூரியன் இறங்கி முடித்ததும் கேரவனுக்குத் திரும்பப் பத்து நிமிடம் கூட ஆகாது. ஊருக்குள் தங்கியவர்கள் அந்த இருட்டில் கங்காருவைப் பார்த்துப் பார்த்து 30 கி.மீ. ஓட்டிப் போக வேண்டும். சில்வர்டனின் மொத்த மதிப்பும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இங்கே வரும் செலவுகள் ரசீதில் தெரியாதவை. பெட்ரோல் பங்க் கிடையாது, சூப்பர் மார்க்கெட் கிடையாது. பால் மறந்தால் போக வர 50 கி.மீ. நாங்கள் தயிருக்கு உறை ஊற்றப் பால் இல்லாமல் ஒரு முறை போனோம். அந்த நாள் டீசல் கணக்கைப் பார்த்தால் அந்தத் தயிர் ஆஸ்திரேலியாவிலேயே விலை உயர்ந்த தயிர். எங்கள் வண்டி கேரவனை இழுத்தால் 100 கி.மீ.-க்கு 17 லிட்டர் குடிக்கும், கழற்றினால் 10. இரண்டு நாளில் மூன்று தடவை ஊருக்குப் போய் வந்தால் வாடகையில் மிச்சம் பிடித்தது பெரும்பாலும் காலி. ரோடு தார் ரோடுதான், ஆனால் ஓடைகள் குறுக்கே போகும் இடங்களில் வரிசையாகப் பள்ளங்கள். கார் மட்டும் போனால் ஊஞ்சல் மாதிரி இருக்கும். கேரவனோடு வேகமாக இறங்கினால் வால் தரையில் உரசும். எங்கள் பின்பக்கப் படியில் இன்னும் அந்தக் கீறல் இருக்கிறது.

லிவிங் டெசர்ட், ஸ்டார்வியூ

1993-ல் பல நாட்டுச் சிற்பிகள் வந்து ஊருக்கு வெளியே லிவிங் டெசர்ட் என்ற இடத்தில் ஒரு குன்றின் மேல் 12 மணற்கல் சிற்பங்களைச் செதுக்கிவிட்டுப் போனார்கள். சூரியன் மறையும்போது கற்கள் நெருப்பு மாதிரி சிவக்கும், அதைப் பார்க்கக் கூட்டம் வரும். மறைந்ததும் கூட்டம் இறங்கிவிடும், கேட் பூட்டப்படும். ஸ்டார்வியூ முகாமில் இருப்பவர்கள் மட்டும் உள்ளே.

நான் பார்த்த நான்கில் வானத்துக்கு இதற்குத்தான் முதலிடம். கரன்ட் இல்லை, இடங்களும் கொஞ்சம்தான், முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். விடியற்காலையில் டார்ச்சோடு ஏறிப் போனோம். சிற்பங்களிடையே எங்களைத் தவிர யூரோ என்கிற வகைக் கங்காரு ஒன்று மட்டும் நின்றது. மனைவி பிளாஸ்கில் காபி கொண்டு வந்திருந்தாள். அவள் அந்தக் காபியை இன்றும் சொல்வாள், நான் அந்தக் குளிரைச் சொல்வேன்.

இரண்டாவது இரவு அங்கேயே இருக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். ஜூலையில் பகல் குறைவு, சோலாரில் வருவதும் குறைவு. இரண்டாம் நாள் காலை ஃப்ரிட்ஜா, ஹீட்டரா என்று தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது எங்களுக்கு.

மெனிண்டீ ஏரி?

சிலர், 110 கி.மீ. தள்ளி மெனிண்டீயில் ஏரிக்கரையில் தங்கிவிட்டு ப்ரோக்கன் ஹில்லைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்கள். ஏரியில் தண்ணீர் இருக்கும் வருடத்தில், பறவை பார்ப்பவர்களுக்கு, கின்செகா தேசியப் பூங்காவுக்காக அது அருமையான தனிப் பயணம். ப்ரோக்கன் ஹில்லுக்கு மாற்றாக அதை எண்ணாதீர்கள். தினம் 220 கி.மீ. ஓட்டுவதற்குப் பெயர் விடுமுறை இல்லை.

அந்தத் தம்பதிக்கு நான் சொன்னது

மூன்று இரவையும் ஒரே இடத்தில் கழிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் இரண்டு முறை இடம் மாற்றவும் வேண்டாம். அவர்கள் ஜூன் மாதம் போகிறார்கள், கேஸ் அடுப்பு, ஒரு பேட்டரி, 80 லிட்டர் டேங்க் இரண்டு, நாய் இல்லை. முதல் இரவு ஸ்டார்வியூ. சிட்னியிலிருந்து வரும் வழியில் கோபாரில் இரவு தங்கினால் அங்கேயே பேட்டரியும் டேங்கும் நிறைந்துவிடும், நிறைந்த வண்டியோடு நேராகப் போய் நிற்கலாம். மாலையில் சிற்பம், ராத்திரி நட்சத்திரம், விடியலில் மறுபடி சிற்பம். அவர் ஆசை முடிந்தது. அடுத்த இரண்டு இரவும் ஊருக்குள் டிரைவ்-த்ரூ சைட். சில்வர்டனுக்குக் கேரவனை விட்டுவிட்டுக் காரில் ஒரு மதியம், டேட்ரீம் சுரங்கத்தையும் சேர்த்து. அந்தச் சுரங்கத்துக்குப் போவது மண் ரோடு, கேரவனை எப்படியும் கொண்டுபோகக் கூடாது. முண்டி முண்டியில் சூரியன் மறைவதை மட்டும் விட்டுவிட்டு வெளிச்சத்திலேயே திரும்பிவிட வேண்டும். ஸ்டார்வியூவில் ஒன்று பார்த்தாயிற்று அல்லவா.

கேட்டுவிட்டு அந்த அம்மா, "கடைசி ராத்திரி நட்சத்திரம், முதல்ல ஊர்னு வச்சுக்கக் கூடாதா?" என்றார். வைக்கலாம்தான். ஆனால் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, ப்ரோக்கன் ஹில் கடிகாரம் சிட்னிக்கு அரை மணி பின்னால், அடிலெய்டு நேரம். முதல் நாளே ஊருக்குள் சுரங்க டூர் என்று ஓடினால் எங்களை மாதிரிப் பூட்டிய கதவின் முன்னால் அரை மணி நிற்பீர்கள். முதல் நாள் ஒன்றும் செய்யாமல் வானம் பார்ப்பதுதான் சரி.

இரண்டாவதுதான் முக்கியம். அடிலெய்டு போகும் வழியில், தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் ஊட்லா விர்ராவில் பழ ஈ சோதனைச் சாவடி இருக்கிறது. தக்காளி, பச்சை மிளகாய், எலுமிச்சை எதையும் பச்சையாகக் கொண்டுபோக முடியாது, வைத்திருந்து மாட்டினால் அபராதம். அதனால் கடைசி இரவு கரன்ட் உள்ள இடத்தில், மிக்ஸியோடு இருக்க வேண்டும். நாங்கள் போன தடவை மிச்சமிருந்த ஒன்றரைக் கிலோ தக்காளியையும் கைப்பிடி மிளகாயையும் அரைத்துத் தொக்குக் கிளறினோம். கடுகு தாளித்த வாசனைக்கு இரண்டு சைட் தள்ளி இருந்த தம்பதி கையில் ரொட்டியோடு வந்துவிட்டார்கள். சாவடிக்கு ஒரு சின்ன பாட்டில்தான் மிஞ்சியது.